ஐம்பத்து நான்காவது மணி: குடும்ப ஜெபம் பற்றி வாசகர்கள் கேட்டவை

அக்டோபர் ஜெபமாலை மாதம். அதனால் இந்த இதழுக்கு வீட்டு ஜெபம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். ஜெபமாலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: மணிகளை எண்ணியபடி, தொடக்கத்தில் மூன்றும் பிறகு ஐந்து பத்துமாக மாதாவை நோக்கி 53 முறை 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்வதுதான் அது; முன்பாதியை ஒருவர் சொல்ல, பதில்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள்; ஒவ்வொரு பத்திலும் இயேசு, மரியா வாழ்விலிருந்து ஒரு மறைபொருளைச் சிந்திப்பார்கள்.

எங்கள் வீட்டில் 53 மணி ஜெபமாலை ஆரம்பித்தால் முடிய 50 நிமிடம் ஆகிறது. மூன்றாவது பத்திலேயே பிள்ளைகள் தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்று ஒவ்வொருவராகக் கழன்றுவிடுகிறார்கள். பக்தி குறைந்துவிட்டதா?
— வாசகி, மார்த்தாண்டம்

பக்தி குறையவில்லை அம்மா, ஜெபம்தான் பெருத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பாதியும் பதில்பாதியும் சேர்த்து ஓர் அருள் நிறைந்த மந்திரத்தை நிதானமாகச் சொல்ல 15 விநாடி. 53-க்கும் சேர்த்து 13 நிமிடம் சொச்சம். பரலோக மந்திரம் 25 விநாடி வீதம் ஆறுக்கு இரண்டரை நிமிடம். விசுவாச மந்திரம், மறைபொருள் அறிவிப்பு, திரித்துவப் புகழ், பாத்திமா ஜெபம் எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம். இருபதில் ஜெபமாலை முடிந்துவிட்டது. மாதாவின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டும் மாதா பிரார்த்தனைக்கு ஐந்து, கிருபை தயாபத்து மந்திரத்துக்கு ஒன்று. ஆக 26 நிமிடம். மீதி 24 நிமிடம் எங்கே போகிறது?

பெரும்பாலான வீடுகளில் அது வால் ஜெபங்களில் போகிறது. தாத்தாவின் ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பரலோகம், ஓர் அருள் நிறைந்த. பெரியவனின் விசாவுக்கு அந்தோனியார் மன்றாட்டு. அத்தையின் முழங்கால் வலிக்கு ஆரோக்கிய மாதா நவநாள். விசா கிடைத்து மூன்று வருடமாகி, அவன் அங்கே வண்டியும் வாங்கியிருப்பான். அந்தோனியார் இங்கே இன்னும் விசாவுக்கு உழைத்துக்கொண்டிருப்பார். சேர்த்த ஜெபத்தை நிறுத்த யாருக்கும் தைரியம் வருவதில்லை, நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அது பக்தி அல்ல, பயம்தான்.

ஒரு தாளில் உங்கள் வால் ஜெபங்களை எல்லாம் எழுதுங்கள். நிறைவேறிய வேண்டுதலுக்கு ஒரு நாள் நன்றி சொல்லி அடித்துவிடுங்கள். மிச்சத்தைக் கிழமைக்கு ஒன்றாகப் பிரியுங்கள்: செவ்வாய் அந்தோனியார், புதன் சகாய மாதா, வெள்ளி திருஇருதயம், சனி மரியன்னை. இறந்தவர்களுக்குத் தினமும் ஒரே மன்றாட்டு போதும், எல்லாப் பெயரையும் அதற்குள் சொல்லலாம். மாதா பிரார்த்தனையை சனிக்கிழமைக்கும் மாதா திருநாள்களுக்கும் வைத்துக்கொண்டால் மற்ற நாள்களில் 21 நிமிடத்தில் எழுந்துவிடலாம்.

வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால் அவனுக்கு ஒரு பத்து மட்டும். நான்கு நிமிடம்தான். முதல் பத்தை அவன் இருக்கும்போது சொல்லிவிட்டு, அவனைப் பக்கத்திலேயே படம் வரையவோ தூங்கவோ விடுங்கள். நான்கு நிமிடத்தை முழுசாக இருந்து முடித்த பிள்ளை மறுநாள் தானே வந்து உட்காரும். 26 நிமிடம் அதட்டி உட்கார வைக்கப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதில் விடுதிக்குப் போனதும் ஜெபமாலையைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடும்.

யார் முன்னால் சொன்னாலும் எண்ணிக்கை தவறுகிறது. ஒரு பத்தில் ஒன்பது, இன்னொரு பத்தில் பதினொன்று. முடிவில் 'இந்த 53 மணி ஜெபத்தையும்' என்று மிக்கேல் சம்மனசிடம் (வானதூதரிடம்) ஒப்படைக்கும்போது, 'அம்மா, 54 சொன்னோமே, பொய் சொல்லலாமா?' என்கிறாள் மகள்.
— வாசகி, தூத்துக்குடி

மகளுக்கு எங்கள் வணக்கம். சம்மனசுகள் கூடுதலாக வந்த ஒன்றைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று சொல்லுங்கள். குறைந்தால் மட்டும் அந்த இடத்திலேயே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடினால் விட்டுவிடலாம். எதுவானாலும் 'ஒன்பதா பத்தா' என்ற வழக்கை ஜெபத்தின் நடுவில் நடத்தாதீர்கள். மணி யார் கையிலோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

தவறுவதற்கு முக்கியக் காரணம் மணியை மந்திரம் முடிந்த பிறகு நகர்த்துவது. முடிக்கும் நேரத்தில்தான் சின்னவனை முறைக்கவோ கொசு அடிக்கவோ கை போகும். நகர்த்தினோமா இல்லையா என்ற சந்தேகம் வந்து இன்னொரு முறை நகர்த்துவோம். 'அருள் நிறைந்த' என்று வாய் திறக்கும்போதே அடுத்த மணியைப் பிடியுங்கள். விரலில் இருக்கும் மணி சொல்லிக்கொண்டிருக்கும் மந்திரத்துக்கு உரியது என்பது ஒரே விதியாக இருக்கட்டும்.

பழைய ஜெபமாலைகளில் நூல் தளர்ந்து மணிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். பெரிய மணி எது, சின்ன மணி எது என்று தடவித் தெரியாது. அதையும் பாருங்கள். சிலுவையையும் பதக்கத்தையும் விட்டுவிட்டு எண்ணினால் மொத்தம் 59 மணி இருக்க வேண்டும்: அருள் நிறைந்த 53, பரலோகம் 6. அறுந்ததை முடிச்சுப் போட்டு வைத்த மாலையில் ஒரு பத்தில் ஒன்பது மணிதான் இருக்கும். அப்படியானால் பல வருடமாகக் குற்றம் பாட்டியுடையது அல்ல.

சின்னப் பிள்ளைகள் முன்னால் சொல்லும்போது பத்து விரலையும் மடித்துச் சொல்லட்டும். ஜெபமாலை கையில் இருந்தால் அது சாட்டையாகிவிடும்.

ஜெபத்தின் நடுவில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தால் வரிசையாக எல்லோருக்கும் தொற்றிவிடுகிறது. போன வாரம் விசுவாச மந்திரத்தில், இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ஆளுநர் 'போஞ்சு பிலாத்து'வைக் கடைக்குட்டி 'பஞ்சு பிலாத்து' என்றதும், என் கணவர் உள்பட எல்லோரும் சுவரைப் பார்த்துக் குலுங்கினார்கள். மாமியார் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இது பாவமா?
— வாசகி, திருச்சி

பாவம் என்றால் மனம் அறிந்து விரும்பிச் செய்வது. அடக்க அடக்க வருவதுதான் இந்தச் சிரிப்பு, அதில் விருப்பத்துக்கு இடமே இல்லை. ஆபிரகாமின் மனைவி சாராள் சிரித்தார், பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர் வந்தது. அந்தப் பெயருக்குப் பொருளே சிரிப்பு. 'கடவுள் எனக்குச் சிரிப்பை உண்டாக்கினார்' என்று அவர் சொன்னது தொடக்க நூல் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் புனித வாழ்வு பற்றி எழுதிய மடலில் மகிழ்ச்சிக்கும் நகைச்சுவை உணர்வுக்கும் தனிப் பகுதியே ஒதுக்கினார். புனித தாமஸ் மூருடையதாகச் சொல்லப்படும் ஜெபம் ஒன்றையும் அதன் அடிக்குறிப்பில் பரிந்துரைத்தார். 'ஆண்டவரே, நல்ல செரிமானம் தாரும், செரிப்பதற்கு ஏதாவது ஒன்றும் தாரும்' என்று அது தொடங்குகிறது. அத்தையம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் ஜெப நேரத்தில் வேண்டாம்.

இனி சிரிப்பைச் சமாளிக்கும் வழி. சிரிப்பு தொற்றுவது கண் வழியாக. வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியும். எல்லோரும் பீடத்தைப் பார்த்து வரிசையாக உட்காருங்கள். வீட்டில் எந்த இருவர் பார்த்துக்கொண்டால் வெடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அவர்கள் நடுவில் ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். அந்தப் பெரியவர் உங்கள் கணவராக இருக்க வேண்டாம் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது.

வெடித்தே விட்டால், முன்னால் சொல்பவர் நிறுத்த வேண்டும். சிரிப்புக்கு மேல் சத்தமாகச் சொல்லித் தாண்டப் பார்த்தால் அது இரட்டிப்பாகும். பத்து விநாடி விடுங்கள், நன்றாகச் சிரித்துத் தீரட்டும். பிறகு ஒருமுறை சிலுவை அடையாளம், அறுந்த அந்த ஒரு மந்திரத்தை முதலிலிருந்து. பத்தை முதலிலிருந்து சொல்ல வைத்துத் தண்டிக்க வேண்டாம். அதட்டுவதுதான் மிக மோசமான வழி, ஏனென்றால் அடுத்த சிரிப்பு அந்த அதட்டலைப் பார்த்தே வரும்.

ஒரே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். தவறு சொன்னவரைப் பார்த்து இன்னொரு நாள் வேண்டுமென்றே சொல்லிக் காட்டுவது கூடாது. திக்கும் பிள்ளையும் பல் இல்லாத தாத்தாவும் முன்னால் சொல்லும்போது சிரிப்பு வந்தால் பெரியவர்கள்தான் முதலில் அடக்கிக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளை ஒருமுறை கூசினால் அப்புறம் வாய் திறக்காது.

விசுவாச மந்திரத்தில் வரும் 'சமுதீதப் பிரயோசனம்' என்றால் என்ன? நாற்பது வருடமாகச் சொல்கிறேன். மகன் கேட்டதும் முழித்தேன். 'தயாபத்து' என்றால் பத்துப் பேரா என்றும் கேட்கிறான். பாட்டி பழைய முறையிலும் பிள்ளைகள் மறைக்கல்வியில் படித்த புது முறையிலும் சொல்வதால் எங்கள் வீட்டில் தினமும் குழப்பம்.
— வாசகர், பாளையங்கோட்டை

மண்ணில் வாழ்கிறவர்கள், உத்தரிக்கிற ஸ்தலத்தில் (இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் நிலையில்) இருக்கிறவர்கள், விண்ணில் சேர்ந்தவர்கள் ஆகிய மூவரும் ஒருவர் நன்மையில் ஒருவர் பங்கு பெறும் உறவுதான் சமுதீதப் பிரயோசனம். புதிய மொழிபெயர்ப்பில் 'புனிதர்களின் உறவு ஒன்றிப்பு'. கிருபை, தயாபம் இரண்டும் இரக்கத்தைக் குறிப்பவை, எண் பத்துக்கு அங்கே வேலை இல்லை. 'அர்ச்சியசிஷ்ட' என்பது 'புனித' என்பதற்குப் பழைய சொல். மாதா பிரார்த்தனையில் வரும் 'தந்தமயமான உப்பரிகையே' பல் சம்பந்தப்பட்டதல்ல, யானைத் தந்தத்தால் ஆன கோபுரம். இனிமைமிகு பாடல் 7-ஆம் அதிகாரத்தில் காதலியின் கழுத்தைத் தந்தக் கோபுரம் என்கிறான் காதலன், அங்கிருந்து வந்தது. ஒரு நாளைக்கு ஒரு சொல், சாப்பிடும்போது விளக்குங்கள். ஜெபத்தின் நடுவில் வகுப்பு எடுக்காதீர்கள்.

மந்திரச் சொற்களில் தடுமாறுவது நம் ஊரில் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை உட்கார வைத்து மந்திரங்களை மொழிபெயர்த்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். நம் கடற்கரையில் குடும்ப ஜெபத்தை வீட்டுக்குள் கொண்டுபோனவர்கள் சிறுவர்கள்தான். பிறகு தம் தோழர் மன்சிலாசுக்கு 1544-இல் எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாச மந்திரத்தில் 'விசுவசிக்கிறேன்' வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருக்கிறது, அது 'எனக்கு ஆசை' என்று ஆகிவிடும், மாற்றிச் சொல்லிக்கொடுங்கள். பெரிய புனிதர் கையிலேயே தப்பிய சொல் அது. உங்கள் மகனின் பத்துப் பேர் எம்மாத்திரம்!

இரண்டு முறைகள் மோதும் இடம் எங்கே என்று கவனித்தால் குழப்பம் பாதி குறையும். 'அருள் நிறைந்த'வின் முன்பாதியில் பெரிய வித்தியாசம் இல்லை. பதில்பாதியில்தான் பாட்டி 'அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்று போவார், பிள்ளைகள் 'தூய மரியே, இறைவனின் தாயே' என்று முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். பாட்டிக்கு இன்னும் 'மரண நேரம்' வந்திருக்காது. அதனால் பதில் சொல்லும் கூட்டம் ஒரே முறையில் சொல்ல வேண்டும், முன்னால் சொல்பவர் தனக்குப் பழகியதில் சொல்லலாம். எங்கள் யோசனை: பாட்டி இருக்கும் வீட்டில் பதில் பழைய முறையிலேயே இருக்கட்டும். எண்பது வயதில் நாக்கு திரும்பாது, எட்டு வயதில் இரண்டு முறையும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வியாழக்கிழமை எந்த மறைபொருள்? சந்தோஷம் என்கிறார் அம்மா, ஒளி என்கிறது புத்தகம்.
— வாசகர், கும்பகோணம்

இருவரும் சரி. 2002 அக்டோபர் 16-ஆம் தேதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் மடலில் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்து அவற்றை வியாழனுக்குக் கொடுத்தார். சந்தோஷம் திங்களுக்கும் சனிக்கும், துயரம் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும், மகிமை புதனுக்கும் ஞாயிறுக்கும் போயின. அதற்கு முன் வியாழன் சந்தோஷம், சனி மகிமை. இந்தக் கிழமைப் பங்கீடு யாருடைய சுதந்திரத்தையும் கட்டுப்படுத்த அல்ல என்று அந்த மடலிலேயே இருக்கிறது. அம்மா இருக்கும்வரை வியாழன் அம்மாவுக்கே.

என் கணவர் மில் வேலை முடிந்து வந்து மூன்றாவது பத்தில் குறட்டை விடுகிறார். எழுப்பினால் 'எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்' என்கிறார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.
— வாசகி, திண்டுக்கல்

பிரெஞ்சு நாட்டுத் துறவியான புனித குழந்தை இயேசுவின் தெரேசம்மாளுக்கும் இதே கதைதான். ஜெப நேரத்திலும் நற்கருணை வாங்கிய பிறகான நன்றி நேரத்திலும் பல ஆண்டுகள் தூங்கிவிழுந்ததைத் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அதற்காக அவர் துக்கப்படவில்லை. விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிரியம்தான் என்றார். மருத்துவர்கள் நோயாளியைத் தூங்க வைத்துத்தானே அறுவைசிகிச்சை செய்கிறார்கள் என்றும் எழுதினார். ஜெபிக்கும்போது சில நேரம் தாமும் தூங்கிவிடுவதாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னபோது இந்தத் தெரேசம்மாளைத்தான் துணைக்கு அழைத்தார். ஆகவே முழங்கையால் இடிப்பதை நிறுத்துங்கள்.

தூக்கத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபம் என்றால் சோறு உண்ட மயக்கத்தோடு போட்டி போட வேண்டும். ஜெபத்தை முன்னும் சாப்பாட்டைப் பின்னும் வையுங்கள். சுவரில் சாய்ந்து உட்காருவதை விட்டுச் சாயாமல் உட்காரச் சொல்லுங்கள், ஒரு பத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கலாம். இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒன்று உண்டு: மூன்றாவது பத்தை அவரிடமே கொடுங்கள். முன்னால் சொல்பவர் தூங்குவது அபூர்வம். தூங்கினாலும் வீடே உடனே கண்டுபிடித்துவிடும்.

கைபேசியில் ஜெபமாலையை ஓடவிட்டு எல்லோரும் பதில் சொல்லும் பழக்கமும் பரவி வருகிறது. நோயாளிக்கும் தனியாக இருப்பவருக்கும் அது துணை. ஐந்து பேர் உள்ள வீட்டில் அது வேண்டாம். இயந்திரம் யாருக்காகவும் நிற்காது, இருமலுக்கு நிற்காது, சிரிப்புக்கு நிற்காது. இரண்டே வாரத்தில் பதில் சொல்லும் குரல்களும் ஒவ்வொன்றாக அடங்கிவிடும்.

மகன் துபாயில். ஞாயிறு தோறும் வீடியோ அழைப்பில் சேர்ந்து ஜெபமாலை சொல்கிறோம். அவன் குரல் எங்கள் குரலோடு சேர்வதே இல்லை. எதிரொலியும் இரைச்சலுமாக, யார் எந்த மணியில் இருக்கிறோம் என்றே தெரிவதில்லை.
— வாசகர், நாகர்கோவில்

சேராது. உங்கள் குரல் அங்கே போக ஒரு கணம், அவன் குரல் இங்கே வர ஒரு கணம். இரண்டும் சேர்ந்து ஒரு சொல் அளவுக்குப் பின்தங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசினால் ஒரு குரலை அமுக்கிவிடும்படிதான் பல செயலிகள் இயங்குகின்றன. ஆகவே ஒரே நேரத்தில் சேர்ந்து சொல்லும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு பத்து முழுவதும் மகன் முன்பாதியைச் சொல்லட்டும், இங்கே ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து வைத்துப் பதில் சொல்லட்டும், மற்றவர்கள் மைக்கை அடைத்துக்கொண்டு பதில் சொல்லலாம். அடுத்த பத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் என்பதால் இங்கே இரவு 8.30 அங்கே 7. பேத்தி அங்கே இருந்தால் முதல் பத்து அவளுக்கு. கேமராவைப் பீடத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். முகங்களை நோக்கி வைத்தால் நாலாவது பத்தில் 'அம்மா, ஏன் மெலிஞ்சு போயிட்டீங்க?' என்று பேச்சு வந்துவிடும்.

நடுவில் எழுந்து கதவைத் திறந்தாலோ குக்கரை நிறுத்தினாலோ பரிபூரண பலன் போய்விடுமா?
— வாசகி, வேலூர்

குடும்பமாகச் சேர்ந்து ஜெபமாலை சொல்பவர்களுக்குப் பரிபூரண பலன் (பாவத்துக்கான தற்காலிகத் தண்டனை முழுவதும் நீங்குவது) உண்டு. ஐந்து பத்தும் இடைவிடாமல் தொடர வேண்டும், வாயால் சொல்வதோடு மறைபொருளைச் சிந்திக்க வேண்டும், சேர்ந்து சொல்லும்போது ஒவ்வொரு மறைபொருளையும் அறிவிக்க வேண்டும். அதோடு எப்போதும் கேட்கப்படுபவையும் உண்டு: பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபம், எந்தப் பாவத்திலும் ஒட்டுதல் இல்லாத மனம். நீங்கள் கதவைத் திறக்க எழுந்தாலும் மற்றவர்கள் தொடரலாம். எல்லோரும் நிறுத்தி விருந்தாளியோடு பேசிவிட்டு அரைமணி கழித்து வந்து சொன்னால் அந்த ஜெபமும் ஜெபம்தான், இந்தத் தனிப் பலனுக்கான தொடர்ச்சி மட்டும் அதில் இல்லை. குக்கர் விஷயத்தில் வழி எளிது. அடுப்பை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் மனம் எந்த மறைபொருளையும் சிந்திக்காது.

மருமகள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பத்துப் பெண். நல்ல பிள்ளை. ஜெபமாலைக்கு மட்டும் வந்து உட்காரத் தயங்குகிறாள். கட்டாயப்படுத்தலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

கூடாது. ஜெபமாலை யாருக்கும் கட்டாயக் கடன் அல்ல, கத்தோலிக்கருக்கும் அல்ல. மறைபொருளுக்குரிய நற்செய்திப் பகுதியை அவர் வாசிக்கட்டும். உங்கள் வீட்டில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அவராகவும் இருக்கலாம். ஒரு திருப்பாடலும் கர்த்தர் கற்பித்த ஜெபமும் எல்லோருக்கும் பொது.

பொது என்றாலும் அங்கே ஒரு சின்ன மோதல் காத்திருக்கிறது. அவர் 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று தொடங்குவார், நீங்கள் 'பரலோகத்தில் இருக்கிற' என்பீர்கள். அதாவது பரவாயில்லை. முடிவில் நீங்கள் எல்லோரும் 'ஆமென்' என்று கும்பிட்டு முடித்த அமைதியில் அவர் குரல் மட்டும் தனியாக 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று எழும். புது மருமகள் கூசிப்போவார். திருப்பலியில் நாமும் சற்றுத் தள்ளி அதே வரியைச் சொல்கிறோம். வீட்டிலும் அவரோடு சேர்ந்து சொல்லி முடியுங்கள்.

எட்டாம் வகுப்பு மகன் 'ஜெபத்துக்கு வரமாட்டேன், அங்கே என்னைத் திட்டுறீங்க' என்கிறான். நாங்கள் திட்டுவதே இல்லை.
— வாசகர், சென்னை

உங்கள் மன்றாட்டுகளை ஒருமுறை திரும்பக் கேட்டுப் பாருங்கள். 'ஆண்டவரே, கணக்கில் 32 வாங்கியிருக்கும் இவனுக்குப் புத்தியைத் தாரும், செல்போனை நோண்டும் பழக்கத்தை இவனிடமிருந்து எடுத்துவிடும்' என்ற வகையில் ஏதாவது இருக்கிறதா? அது ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கொடுக்கும் திட்டு. பதில் சொல்ல முடியாத இடத்தில் கொடுப்பதால் இன்னும் கசக்கும். கணவன் மனைவிக்குள்ளும் இது நடக்கிறது: 'சிக்கனமாக நடக்கும் மனதை இந்த வீட்டில் உள்ளவர்களுக்குத் தாரும்' என்றால் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

மன்றாட்டுக்கு மூன்று விதி போதும். ஆளுக்கு ஒன்று, ஒரே வாக்கியம். அறையில் இருப்பவரைப் பற்றிச் சொன்னால் நன்றியாக மட்டும். மார்க்கும் பணமும் வேண்டாம். பிள்ளைகளின் மன்றாட்டைத் திருத்தாதீர்கள். பூனை குட்டி போட வேண்டும் என்று கேட்டாலும், எதிர்வீட்டுச் சண்டை நிற்க வேண்டும் என்று கேட்டாலும் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றே பதில். எதிர்வீட்டுக்காரர் ஜெபத்துக்கு வந்திருக்கும் நாளில் சின்னவனை மன்றாட்டுச் சொல்ல விடாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

அன்பியத்திலிருந்து (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவிலிருந்து) மாதா சுரூபம் (சிலை) எங்கள் வீட்டுக்கு வருகிறது. சுமார் 25 பேர் வருவார்கள். முதல் முறை. என்ன ஏற்பாடு செய்ய?
— வாசகி, சிவகங்கை

மேசைக்கு வெள்ளைத் துணி, ஒரு முழம் பூ, இரண்டு மெழுகுதிரி. திரிகளை மணல் நிரப்பிய கிண்ணத்தில் நடுங்கள், கண்ணாடிக் கூண்டு இருந்தால் இன்னும் நல்லது. மின்விசிறிதான் பெரிய எதிரி. ஓடினால் திரி அணையும், மெழுகு ஒருபக்கமாக வழிந்து துணியில் விழும். நிறுத்தினால் 25 பேரும் வியர்ப்பார்கள். கூண்டு போட்டு விசிறியைச் சுற்றவிடுங்கள். பிளாஸ்டிக் பூவுக்கும் காகிதத் தோரணத்துக்கும் சீரியல் பல்புக்கும் ஒரு முழமாவது தள்ளியே திரி இருக்கட்டும். துணியில் மெழுகு விழுந்துவிட்டால் ஈரமாகத் துடைக்காதீர்கள். ஆறி இறுகியதும் சுரண்டி, மேலும் கீழும் அச்சில்லாத தாள் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் உறிஞ்சிவிடும்.

சுண்டலுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை போதும். வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். முந்தின இரவே ஊறவையுங்கள், எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். தாளிப்பதை ஜெபம் தொடங்குவதற்கு முன்பே முடித்து மூடி வையுங்கள். மாதா பிரார்த்தனை நடக்கும்போது கடுகும் பெருங்காயமும் மணத்தால், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' வரவர 'எங்ளாக வேண்டிக்ளும்' ஆகிக்கொண்டே போவதைக் கேட்கலாம். முன்னால் சொல்பவரும் இரண்டு வரிகளைத் தாண்டிவிடுவார். 1995-இல் சேர்த்த 'குடும்பங்களின் அரசியே' அப்படித் தாண்டப்படக் கூடாத வரி. 2020-இல் மூன்று புதிய வரிகளும் சேர்ந்தன: இரக்கத்தின் தாய், எதிர்நோக்கின் தாய், புலம்பெயர்ந்தோரின் ஆறுதல். உங்கள் புத்தகம் பழையதானால் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளில் கடைசி வரிக்குக் குரல் தானாக உயரும்.

'ஆமென்' சொன்ன அடுத்த நொடி மகன் கேட்பது: 'இன்னைக்கு என்ன குழம்பு?' ஜெபத்தின் புனிதமே போய்விடுகிறது.
— வாசகி, புதுச்சேரி

குழம்பு என்ன என்பதை ஜெபத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'ஆமென்' ஆனதும் யாரும் எழுவதற்குள் பெரியவர் ஒருவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரையட்டும், ஆளுக்கு ஐந்து விநாடி. அதன் பிறகு சாப்பாட்டு ஜெபம், அதை மகனே சொல்லட்டும். வேகமாகத்தான் சொல்வான். விட்டுவிடுங்கள்.